ஓடையிலிருந்து எத்தனை மீட்டர் உயரம்? தாமிரபரணிப் படுகைக்கு ஹேண்ட் ராஸ்டர் தயாரிக்கும் முறை

கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் அம்பாசமுத்திரம் ஸ்ரீவைகுண்டத்தைவிட நல்ல உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் அம்பாசமுத்திரத்தில் ஆற்றை ஒட்டிய வயலில் வெள்ளம் ஏறும். கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் குதிரைமொழித் தேரியின் மணல்மேட்டில் ஏறாது. ஓரிடத்தில் தண்ணீர் ஏறுமா, நிலத்தடி நீர் மேலாக நிற்குமா, மண் ஈரமாகவே கிடக்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது பக்கத்து ஓடைக்கும் அந்த இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். அந்த வித்தியாசத்தைப் படுகை முழுவதுக்கும் கட்டம் கட்டமாகக் கணக்கிட்டு வைப்பதுதான் ஹேண்ட் (ஹைட் அபவ் நியரஸ்ட் டிரெய்னேஜ்) ராஸ்டர். ராஸ்டர் என்றால் கட்டத்துக்கு ஒரு எண் வைத்த வரைபடம்.

கணக்கு எளிமையானது. உயர ராஸ்டரின், அதாவது டெம்மின், ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குமோ அந்தப் பக்கமே போய், முதலில் எதிர்ப்படும் ஓடைக் கட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டத்தின் உயரத்திலிருந்து அந்த ஓடைக் கட்டத்தின் உயரத்தைக் கழிக்க வேண்டும். வருவதே ஹேண்ட் மதிப்பு. 'பக்கத்து ஓடை' என்பதற்கு நேர்க்கோட்டில் பக்கம் என்று பொருள் இல்லை. தண்ணீர் போகும் வழியில் முதலில் வரும் ஓடை என்று பொருள். 200 மீட்டரில் ஒரு ஓடை இருந்தாலும் நடுவில் மேடு இருந்தால், அந்தக் கட்டத்தின் தண்ணீர் மறுபக்கம் 2 கிலோமீட்டர் ஓடி வேறொரு ஓடையில் சேரும். கழிப்பது அந்த இரண்டாவது ஓடையின் உயரத்தைத்தான். இந்த முறையைப் பிரேசில் ஆய்வாளர்கள் அமேசான் காட்டில் ஈரநிலத்தையும் மேட்டுநிலத்தையும் பிரித்தறிய உருவாக்கி 2008-இல் வெளியிட்டார்கள். இன்று அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் வெள்ளப்பரப்பு வரைபடங்களும் இதே அடிப்படையில் தயாராகின்றன.

கடைசியில் செய்யும் கழித்தல் ஒரு நிமிட வேலை. உழைப்பெல்லாம் அதற்கு முந்தைய கேள்வியில் இருக்கிறது: ஓடை எது, அது எந்த வழியாகப் போகிறது? தாமிரபரணி போல அணை, அணைக்கட்டு, குளம், கால்வாய் என்று மனிதர் கை பட்டுக்கொண்டே வந்த படுகையில் இதற்கு மென்பொருள் தானாக விடை சொல்லாது. நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

எந்த டெம்

இலவசமாகக் கிடைப்பவற்றில் ஐரோப்பாவின் கோபர்நிகஸ் திட்டம் தரும் ஜிஎல்ஓ-30 டெம் நல்ல தொடக்கம். கட்டத்தின் அளவு சுமார் 30 மீட்டர். உயரம் தசம எண்ணாக இருக்கும். எஸ்ஆர்டிஎம் என்ற பழைய டெம் நாசா விண்ணோடத்திலிருந்து 2000 பிப்ரவரியில் எடுத்தது, முழு மீட்டர்களில்தான் உயரம் சொல்லும். மலைக்கு அது போதும். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே சமவெளியில் முழு மீட்டர் என்றால் வயல்வெளி எல்லாம் படிக்கட்டாகி, ஓடைகள் நேர்க்கோடுகளாக ஓடும்.

ஜிஎல்ஓ-30 காட்டுவது தரையை அல்ல, ரேடார் பார்த்த மேற்பரப்பை. வாழைத்தோட்டம், தென்னந்தோப்பு, பனைக்கூட்டம், வீட்டுக்கூரை எல்லாம் அந்த உயரத்தில் சேர்ந்துவிடும். ஆற்றங்கரை நெடுக வாழை நிற்கும் இந்தப் படுகையில் இது சின்ன விஷயம் இல்லை. கரையோரத் தோட்டங்கள் உள்ளதைவிட இரண்டு மூன்று மீட்டர் மேடாகத் தெரியும். அங்கே வெள்ளம் ஏறாது என்று வரைபடம் தவறான நம்பிக்கை தரும். மரமும் கட்டடமும் கழித்துத் தயாரித்த ஃபேப்டெம் என்ற பதிப்பு இந்தக் குறையைப் பெருமளவு குறைக்கிறது. வணிக நோக்கமில்லாத வேலைக்கு மட்டும்தான் அதன் உரிமம் இடம் கொடுக்கும்.

இஸ்ரோவின் புவன் தளத்திலிருந்து கார்ட்டோடெம் என்ற டெம்மை எடுத்தவர்கள் எண்களைப் பார்த்து மிரண்டுபோவதுண்டு: கடலோரத்தில் மைனஸ் 90-ஐ ஒட்டி வரும். தரவு கெட்டுப்போகவில்லை. அது கடல் மட்டத்திலிருந்து அளக்காமல் பூமிக்குக் கணிதத்தால் வகுத்த நீள்வட்டக் கோளப் பரப்பிலிருந்து அளக்கிறது. தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்தப் பரப்புக்கு மிகவும் கீழே கிடக்கிறது. ஹேண்டில் நாம் கழிப்பது ஒரே டெம்மின் இரண்டு கட்டங்களை என்பதால் இந்த வித்தியாசம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். ஆனால் பாதிப் படுகைக்கு ஒரு டெம், மீதிக்கு வேறொரு டெம் என்று ஒட்டினால் ஒட்டிய கோட்டில் பொய்யான மலை முளைக்கும். ஒரே மூலம்தான், கடைசிவரை.

இந்தத் தரவின் எல்லையையும் மனதில் வையுங்கள். ஜிஎல்ஓ-30-இன் சார்பு உயரத் துல்லியம், அதாவது இரண்டு இடங்களின் உயர வித்தியாசத்தில் வரக்கூடிய பிழை, சரிவு குறைவான இடங்களில், 2 மீட்டருக்குள் என்பது அதன் அறிவிக்கப்பட்ட தரம். அதை வைத்து அரை மீட்டர் இடைவெளியில் நிறம் பிரித்தால் கண்ணுக்குத்தான் அழகு.

தரவை ஒழுங்குபடுத்துதல்

படுகை 77, 78 தீர்க்கரேகைப் பட்டைகளிலும் 8, 9 அட்சரேகைப் பட்டைகளிலும் விழுவதால் நான்கு ஓடுகளை (டெம் பிரித்துத் தரப்படும் சதுரத் துண்டுகளை) இறக்கி ஒன்றாக்குங்கள். பிறகு மீட்டர் அலகுள்ள தளத்துக்கு மாற்ற வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு: உலகை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில் 43-ஆம் பட்டைக்கும் 44-க்கும் எல்லை 78 பாகையில் போகிறது. திருநெல்வேலி 43-இல் விழும். ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் 44-இல் விழும். படுகையை இரண்டாக வெட்ட வேண்டாம். முழுவதையும் 43 வடக்கில், அதாவது மென்பொருளில் இபிஎஸ்ஜி 32643 என்ற குறியீட்டில் வையுங்கள். கிழக்கு ஓரத்தில் நீள அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். இந்த வேலைக்கு அது பொருட்டில்லை.

மாற்றும்போது மறுமாதிரி முறையை, அதாவது புதிய கட்டத்துக்கு உயரம் கண்டுபிடிக்கும் முறையை, பைலீனியர் (சுற்றியுள்ள நான்கு கட்டங்களின் எடையிட்ட சராசரி) என்று தேர்ந்தெடுங்கள், கட்டம் 30 மீட்டர். நியரஸ்ட் நெய்பர் (மிக அருகிலுள்ள ஒரே கட்டத்தின் மதிப்பு) என்று விட்டுவிட்டால் சில வரிசைகள் இரட்டிக்கும், சில விடுபடும். நிழல்வரைபடம் (மேடுபள்ளத்தை வெயில் நிழல்போலக் காட்டும் ஹில்ஷேட்) போட்டுப் பார்த்தால் துணி நெய்தது போன்ற கோடுகள் தெரியும். சமவெளியில் ஓடைகள் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும்.

மாவட்ட எல்லையை வைத்து ஒருபோதும் வெட்டாதீர்கள். தண்ணீருக்கு மாவட்டம் தெரியாது. சிற்றாற்றின் மேல்பகுதி தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. படுகை எல்லையைச் சுற்றி 5 கிலோமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, எல்லாக் கணக்கும் முடிந்தபின் உண்மையான எல்லைக்கு நறுக்குங்கள். இந்த அளவில் ஒரு கோடிச் சொச்சம் கட்டங்கள் வரும். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி தாங்கும்.

குளமும் அணையும் பாலமும்

பொதுவான பாடங்கள் 'பள்ளங்களை நிரப்பு' என்று ஒரு வரியில் கடந்துவிடும் இடம் இது. நம் ஊரில் இந்த ஒரு வரியில்தான் பாதி வேலை இருக்கிறது.

தண்ணீர் வழி கண்டுபிடிக்கும் நிரல்களுக்கு எல்லாக் கட்டத்திலிருந்தும் கீழ்நோக்கி ஒரு வழி வேண்டும். நாலாபுறமும் உயர்ந்த பள்ளம் இருந்தால் அங்கே கணக்கு நின்றுவிடும். அதனால் பள்ளத்தை நிரப்புவார்கள், அல்லது கரையை வெட்டி வழிவிடுவார்கள். அமேசான் காட்டில் டெம்மில் தெரியும் பள்ளங்களில் பெரும்பாலானவை தரவுப் பிழைகள். தாமிரபரணிப் படுகையில் ஏராளமானவை உண்மையான குளங்கள்! அவற்றை நிரப்பினால் குளமும் அதற்கு மேலேயுள்ள நிலமும் ஒரே தட்டையாகி, ஹேண்ட் மதிப்பு பெரும் பரப்புக்கு ஒரே எண்ணாக வரும். ஆகவே நிரப்புவதைவிட வெட்டிவிடுவது மேல்.

வெட்டுவதிலும் எங்கே வெட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. குளக்கரையின் மேல்பகுதி சில மீட்டர் அகலம்தான். 30 மீட்டர் கட்டத்தில் அது சராசரியாகி, விட்டுவிட்டுத் தெரியும் ஒரு மேடாக மாறும். நிரல் அந்த மேட்டில் மிக எளிதான இடத்தைப் பார்த்து வெட்டும். பெரும்பாலும் அது கரையின் நடுவாக இருக்கும், ஏனென்றால் பழைய ஓடையின் ஆழமான பாதை அங்கேதான். ஆனால் குளம் நிரம்பினால் தண்ணீர் நடுவில் போகாது. உபரிநீர் வழிய ஓரத்தில் கட்டிய கலிங்கு வழியாக மறுகால் பாயும். மறுகால் ஓடையும் ஆயக்கட்டின் (குளத்துப் பாசன வயல்களின்) தாழ்ந்த பகுதியும் வேறு வேறு இடங்கள். வெட்டு தவறான இடத்தில் விழுந்தால், கீழேயுள்ள வயல்களின் ஹேண்ட் மதிப்புகள் எல்லாம் இல்லாத ஓடையைச் சார்ந்து வரும்.

வெள்ள வரைபடம் வேண்டுமென்றால் கலிங்கு வழியைக் கையால் கொடுங்கள். கரை உடைந்தால் எங்கே பாயும் என்று பார்க்க வேண்டுமென்றால் நடுவில் வெட்டிய வடிவத்தைத் தனியாக இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். 2023 டிசம்பரில் இந்தப் பகுதியில் குளங்கள் உடைந்து ஊருக்குள் வந்த தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது வரைபடத்தின் தேவை புரியும்.

செய்முறை இப்படி. செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் வைத்து, ஒவ்வொரு பெரிய குளத்துக்கும் கலிங்கைத் தேடுங்கள். கரையின் ஒரு முனையில் கல்கட்டாகத் தெரியும், அதற்குக் கீழே அரித்த ஓடை தொடங்கும். குளத்துக்குள் இரண்டு கட்டத்தில் தொடங்கி, கலிங்கைக் கடந்து, வெளியே இரண்டு கட்டம்வரை ஒரு சிறு கோடு வரையுங்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளுக்கும், ஆற்றின் குறுக்கேயுள்ள அணைக்கட்டுகளுக்கும், ரயில், சாலைப் பாலங்களுக்கும் இதேபோல் கோடு போடுங்கள். மேற்பரப்பு டெம்மில் பாலத்தின் மேல்தளம் ஆற்றை அடைத்த சுவராகத்தான் நிற்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எண் கொடுங்கள்: தடைக்கு உடனடியாகக் கீழேயுள்ள ஓடையின் உயரம். கோடுகளை டெம்மின் அதே கட்டத்தில் ராஸ்டராக்கி, ராஸ்டர் கால்குலேட்டரில் கோடு உள்ள இடத்தில் டெம் மதிப்பு, கோட்டின் மதிப்பு இரண்டில் சிறியதை எடுக்கச் சொல்லுங்கள். இதைத் திருத்திய டெம் என்று சேமியுங்கள்.

அடுத்தது எரித்த டெம், அதாவது ஆற்று வழியைச் செயற்கையாகப் பள்ளமாக்கிய டெம். திருத்திய டெம்மின் நகல் ஒன்றில், சமவெளியில் சரிபார்த்த ஆற்று வழிகளையும் மறுகால் ஓடைகளையும் ஒரு கட்ட அகலத்தில் 10 மீட்டர் தாழ்த்துங்கள். தண்ணீர் அந்த வழியைவிட்டு விலகாமல் இருக்கத்தான் இது. மலைப்பகுதியில் எரிக்க வேண்டியதில்லை. அங்கே பள்ளத்தாக்கு தெளிவாகவே இருக்கிறது. ஆற்றுக்கோடு டெம்மின் உண்மையான ஆற்றுப்படுகையிலிருந்து இரண்டு மூன்று கட்டம் விலகியிருந்தால், எரித்தபின் ஒரே ஆற்றுக்கு இரண்டு இணை ஓடைகள் வரும். எரிப்பதற்கு முன்பே கோட்டை நிழல்வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்து நகர்த்துங்கள்.

எரித்த டெம் தண்ணீரின் திசையைக் கண்டுபிடிக்க மட்டும். உயரம் கழிப்பதற்குத் திருத்திய டெம்தான். இதை மாற்றிப் போட்டால் எரித்த ஆற்றின் இருகரையிலும் எல்லா மதிப்பும் 10 மீட்டர் கூடிவிடும். மாறாக, தடைகளைத் திருத்தாத மூல டெம்மைக் கழிப்பதற்குக் கொடுத்தால் அணையின் உச்சியில், பாலத்தின் மேல்தளத்தில் உள்ள கட்டங்களும் 'ஓடை'யாக எண்ணப்பட்டு, அவற்றில் வந்து சேரும் நிலத்துக்கெல்லாம் எதிர்மறை மதிப்பு வரும். வரைபடத்தில் அணையை ஒட்டி மைனஸ் 30, மைனஸ் 40 என்று தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கால்வாய் ஓடை ஆகாது

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து நீர்வழிகளை இறக்கும்போது ஆறு, ஓடை, கால்வாய், வாய்க்கால் எல்லாம் ஒரே மூட்டையாக வரும். கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் ஆகியவற்றைப் பிரித்தெடுத்து ஒதுக்கிவையுங்கள். பாசனக் கால்வாய் ஆற்றிலிருந்து பிரிந்து, சரிவைக் குறைத்துக்கொண்டு, மேட்டு ஓரமாகவே போகும். தன் கீழேயுள்ள வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டுமென்றால் அது மேலேதான் இருந்தாக வேண்டும். அதை ஓடையாக எடுத்தால், ஆற்றைவிடப் பல மீட்டர் மேலேயுள்ள நிலமும் 'ஓடைக்கு 1 மீட்டர் மேல்' என்று தாழ்வாகக் காட்டும். கால்வாய்க்கரை உடைப்பை ஆராய்பவர்கள் கால்வாயை மட்டும் வைத்துத் தனி ராஸ்டர் செய்யலாம். ஆற்று ஹேண்டோடு கலக்கக் கூடாது.

ஓடை எங்கே தொடங்குகிறது

எத்தனை பரப்பிலிருந்து தண்ணீர் திரண்டால் அதை ஓடை என்று சொல்வது? இந்த ஒரு எண் முழு வரைபடத்தையும் மாற்றும். 30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர். ஆக 1 சதுர கிலோமீட்டருக்கு 1,111 கட்டம், 5-க்கு 5,556, 10-க்கு 11,111. எண்ணைக் குறைத்தால் ஓடைகள் பெருகும், எல்லா இடமும் ஏதோ ஒரு ஓடைக்கு அருகில் வந்துவிடும், ஹேண்ட் மதிப்புகள் எங்கும் சிறுத்துப்போகும். கூட்டினால் சிறு ஓடைகளின் கரைகள் பாதுகாப்பான மேடாகத் தெரியும்.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தை அடியில் வைத்து, அதில் ஓடைகள் தொடங்கும் இடங்களோடு ஒப்பிட்டு எண்ணைத் தேர்ந்தெடுப்பதே நேர்மையான வழி. மழை கொட்டும் பொதிகைச் சரிவுக்கு 1 சதுர கிலோமீட்டரிலும், வறண்ட செம்மண் சமவெளிக்கு 5-இலும் தொடங்கிப் பாருங்கள். பெருவெள்ளத்தில் ஆறு மட்டும் எதுவரை ஏறும் என்று பார்க்க வேண்டுமானால், தாமிரபரணி, சிற்றாறு, மணிமுத்தாறு போன்ற பேராறுகளை மட்டும் ஓடையாக வைத்து இன்னொரு ராஸ்டர் போடுங்கள். ஒரே படுகைக்கு இரண்டு ஹேண்ட் இருப்பதில் முரண் இல்லை. இரண்டும் வேறு கேள்விக்கு விடை.

கணக்கிடுதல்

கிராஸ் என்ற இலவச நிலவரைபட மென்பொருளை இதற்குப் பரிந்துரைப்பதற்குக் காரணம், திசைக்கு ஒரு ராஸ்டரும் கழிப்பதற்கு வேறொரு ராஸ்டரும் அது ஏற்கும். முதல் வேலையாக ஜி.ரீஜியன் கட்டளையால் பகுதியை டெம்மோடு பொருத்துங்கள். இதை மறந்தால் பழைய வேலையின் எல்லையிலோ கட்ட அளவிலோ கணக்கு ஓடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

எரித்த டெம்மைக் கொடுத்து ஆர்.வாட்டர்ஷெட் ஓட்டி நீர்த்திரட்சி ராஸ்டரை, அதாவது ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலேயுள்ள எத்தனை கட்டங்களின் தண்ணீர் வருகிறது என்ற எண்ணை, எடுங்கள். இந்தக் கட்டளை பள்ளங்களைத் தானே சமாளிக்கும், தனியாக நிரப்பத் தேவையில்லை. நினைவகம் போதாவிட்டால் எம் என்ற கொடியை (ஃப்ளாக்) சேர்த்தால் வட்டில் வைத்துக் கணக்கிடும், நேரம் கூடும். திரட்சியில் எதிர்மறை எண்கள் வந்தால் பதற வேண்டாம்: அந்தக் கட்டத்துக்குப் பகுதிக்கு வெளியிலிருந்தும் தண்ணீர் வரக்கூடும் என்று எச்சரிப்பதற்கே அந்தக் குறி. படுகைக்குள்ளேயே அப்படி வந்தால் நீங்கள் விட்ட ஓரம் போதவில்லை. விரித்து வெட்டி மறுபடி ஓட்டுங்கள். இதே கட்டளையில் உண்மையான பள்ளங்களைத் தனியாகக் காட்டும் வசதி உண்டு. குளங்களை அதில் கொடுக்கத் தோன்றும். கொடுத்தால் தண்ணீர் குளத்தோடு நின்றுவிடும். சங்கிலித்தொடராக இருக்கும் குளங்களில் கீழே வரும் மறுகால் ஓடைக்குத் திரட்சி குறைந்து, அது ஓடைப் பட்டியலிலிருந்தே காணாமல் போகும்.

அடுத்து ஆர்.ஸ்ட்ரீம்.எக்ஸ்ட்ராக்ட். எரித்த டெம், நீர்த்திரட்சி, நீங்கள் தேர்ந்த எண் மூன்றையும் கொடுத்தால் ஓடை ராஸ்டரும் திசை ராஸ்டரும் வரும். அந்த இரண்டையும் ஜோடியாகவே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது ஆர்.ஸ்ட்ரீம்.டிஸ்டன்ஸ். இது கூடுதல் தொகுப்பு, ஜி.எக்ஸ்டென்ஷன் மூலம் நிறுவ வேண்டும். ஓடை ராஸ்டர், திசை ராஸ்டர், உயரத்துக்குத் திருத்திய டெம், முறை டவுன்ஸ்ட்ரீம். டிஃபரன்ஸ் என்ற வெளியீடுதான் ஹேண்ட். டிஸ்டன்ஸ் வெளியீட்டையும் கேட்டு வையுங்கள். ஓடைவரை தண்ணீர் ஓடும் தூரம் அது.

அவசர வேலைக்குக் க்யூஜிஐஎஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் வொய்ட்பாக்ஸ் செருகுநிரல் போதும்: பிரீச் டிப்ரஷன்ஸ் லீஸ்ட் காஸ்ட், டி8 ஃப்ளோ அக்யூமுலேஷன், எக்ஸ்ட்ராக்ட் ஸ்ட்ரீம்ஸ், எலிவேஷன் அபவ் ஸ்ட்ரீம் என்ற வரிசையில். அந்தக் கடைசிக் கருவி திசையையும் உயரத்தையும் ஒரே டெம்மிலிருந்து எடுப்பதால் எரித்த டெம்மை அதில் கொடுக்கக் கூடாது. அதே பட்டியலில் யூக்ளிடியன் என்று முடியும் இரட்டைக் கருவி நேர்க்கோட்டில் பக்கத்திலுள்ள ஓடையை எடுக்கும். பெயர் ஒத்திருப்பதால் மாறிப்போவது எளிது. ஒரு மென்பொருளின் திசை ராஸ்டரை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதும் ஆபத்து. கிழக்கு என்பதற்கு எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் 1 என்று எழுதும், வொய்ட்பாக்ஸ் 2 என்று எழுதும், கிராஸ் 8 என்று எழுதும்.

சரிபார்த்தல்

ஓடைக் கட்டங்களின் ஹேண்ட் அனைத்தும் 0 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் ராஸ்டர்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை. பிறகு எதிர்மறைக் கட்டங்களை மட்டும் சிவப்பில் போட்டுப் பாருங்கள். சமவெளியில் மைனஸ் 1, மைனஸ் 2 என்று தூவினாற்போல இருந்தால் அது தரவின் இரைச்சல் (தற்செயலான சிறு பிழை), 0 ஆக்கிவிடலாம். ஒரே இடத்தில் கொத்தாக இருந்தால் அங்கே விடுபட்ட பாலமோ கரையோ இருக்கிறது, போய்த் திருத்துங்கள். பார்க்காமலே எல்லாவற்றையும் 0 ஆக்கினால் பிழையை மூடிவைத்ததாகும்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் 2, 9 என்று திடீர்த் தாவல் தெரிந்தால் அந்த இடத்தில் நீர்பிரி மேடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சரிதான்: இரண்டு கட்டங்களும் வேறு வேறு மட்டத்திலுள்ள ஓடைகளுக்கு வடிகின்றன. தட்டையான வயல்வெளியின் நடுவே நேர்க்கோட்டில் தாவினால் திசைக் கணக்கு அங்கே இரைச்சலைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே வேறு முறை

கடலை நெருங்கும் தட்டை நிலத்தில் ஹேண்ட் தடுமாறும். ஆறு தன் வண்டலால் தன் கரையையே உயர்த்திக்கொள்ளும் இடங்களில் கரைக்கு அப்பாலுள்ள வயலின் தண்ணீர் ஆற்றுக்கு வராது. விலகி வேறு வடிகாலுக்குப் போகும். ஹேண்ட் அந்த வடிகாலைப் பார்த்து எண் சொல்லும். ஆறு கரை தாண்டினால் முதலில் மூழ்குவது அந்த வயல்தான் என்பது அதில் தெரியாது. இங்கே ஆற்று மட்டத்தை ஒரு சாய்வான பரப்பாக விரித்து, டெம்மிலிருந்து கழிப்பது நல்லது. சார்பு உயர ராஸ்டர் என்று இதைச் சொல்லலாம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே தொடங்கி முகத்துவாரம்வரை ஆற்றின் மையக்கோட்டை வரையுங்கள். அணைக்கட்டின் மேல்பக்கத் தேக்க மட்டத்தையும் கீழ்மட்டத்தையும் ஒரே கோட்டில் சேர்த்தால் நடுவில் இல்லாத சரிவு உருவாகும்; மேல்பக்கம் வேண்டுமென்றால் தனிக்கோடு. கோட்டில் 100 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றி 60 மீட்டருக்குள் உள்ள மிகக் குறைந்த டெம் மதிப்பை எடுங்கள். ஒற்றைக் கட்டத்தை எடுத்தால் மணல்திட்டோ நாணலோ சீமைக்கருவேலமோ அகப்படும். பிறகு 11 புள்ளிகளின் நகரும் இடைநிலையால் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பால்) மிருதுவாக்கி, மேலிருந்து கீழாக எந்தப் புள்ளியும் தனக்கு முந்தையதைவிட உயராதபடி திருத்துங்கள். இந்த வரிசை முக்கியம். இடைநிலை எடுக்காமல் நேரே இரண்டாவதைச் செய்தால், தவறாகத் தாழ்ந்த ஒரே ஒரு புள்ளி கீழேயுள்ள எல்லாவற்றையும் தன் மட்டத்துக்கு இழுத்துவிடும்.

அந்தப் புள்ளிகளை, பக்கத்துப் புள்ளிக்குக் கூடுதல் எடை தந்து இடைவெளியை நிரப்பும் கிராஸின் வி.சர்ஃப்.ஐடிடபிள்யூ கட்டளை கொண்டு பரப்பாக்குங்கள். 12 புள்ளிகள், அடுக்கு 2 என்ற இயல்பு அமைப்பே போதும். டெம்மிலிருந்து இந்தப் பரப்பைக் கழியுங்கள். ஆற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் எண்களுக்குப் பொருள் குறைவு, வெட்டிவிடுங்கள். இங்கே எதிர்மறை மதிப்பு வந்தால் அதை 0 ஆக்காதீர்கள். ஆற்று மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம் அது; இந்த ராஸ்டரைத் தயாரிப்பதே அதைக் கண்டுபிடிக்கத்தான்.

படிக்கும்போது

நிறங்களை 0–2, 2–5, 5–10, 10–20 மீட்டர், அதற்கு மேல் என்று பிரித்தால் போதும். 20-க்கு மேல் நிறமில்லாமல் நிழல்வரைபடம் தெரியட்டும். அமேசானில் ஈரநிலத்துக்குச் சுமார் 5 மீட்டர், மேட்டுக்கு 15 மீட்டர் என்று எல்லை வகுத்தார்கள். அது அந்தக் காட்டின் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் கண்ட எண். இங்கே அப்படியே தூக்கிவைக்க வேண்டாம்.

ஹேண்டில் 0 என்பது ஆற்றின் தரை அல்ல. ஜிஎல்ஓ-30-க்கு ரேடார் படமெடுத்த 2011 முதல் 2015 வரையிலான காலத்தில் நின்ற தண்ணீரின் மேல்மட்டம் அது. தண்ணீர் இல்லாத இடத்தில் மணல். 'ஆறு 4 மீட்டர் ஏறினால்' என்று சொல்லும்போது எந்த மட்டத்திலிருந்து என்பதையும் வரைபடத்தில் எழுதுங்கள். மேலும், ஒரே உயரத்தைப் பாபநாசம் முதல் புன்னைக்காயல்வரை வைத்து மூழ்கும் பரப்பு வரைவது தவறு. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் 6 மீட்டர் ஏறும் அதே வெள்ளம் விரிந்த சமவெளியில் 2 மீட்டர்தான் ஏறக்கூடும். ஆற்றைச் சில கிலோமீட்டர்த் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி உயரம் கொடுக்க வேண்டும்.

மழைநீர் தேங்குவதையும் இந்த வரைபடம் சொல்லாது. 2023 டிசம்பர் 18 காலை முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் பெய்தது. அங்கே தெருவில் நின்ற தண்ணீருக்கு ஆறு வந்து சேர வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆற்று ஹேண்டில் அந்த ஊருக்கு எந்த எண் வந்தாலும் அது இந்த ஆபத்தை அளக்காது. உள்ளூர் வடிகால்களை ஓடையாக வைத்து, இதைவிட நுணுக்கமான டெம்மில் செய்யும் கணக்கு தனி.

அந்த வெள்ளத்தை ஐரோப்பாவின் சென்டினல்-1 துணைக்கோளின் ரேடார் படத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்க விரும்புபவர்கள் மூன்றைக் கவனியுங்கள். அப்போது ஒரே துணைக்கோள்தான் இயங்கியது, ஒரே பாதையில் 12 நாளுக்கு ஒருமுறைதான் வரும்; உச்ச மட்டம் படத்தில் இருக்காமல் போகலாம். வாழைக்கும் தென்னைக்கும் அடியில் நிற்கும் தண்ணீரை அந்த ரேடார் பெரும்பாலும் காட்டாது. தண்ணீர் நிறைந்த குளங்களும் நெல்வயல்களும் வெள்ளம்போலவே தெரியும். வெள்ளத்துக்கு முந்தைய படத்தைக் கழித்தால்தான் புதிதாக நனைந்த இடம் பிரியும்.

படத்தைவிட உறுதியான சாட்சி சுவரில் உள்ள வெள்ளக்கறை. ஒரு துண்டு ஆற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் கறைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளவுநாடாவால் அளந்து, ஜிபிஎஸ் புள்ளியோடு குறித்து, அந்தக் கட்டத்தின் ஹேண்ட் மதிப்போடு கூட்டுங்கள். ஒரே துண்டில் எல்லா இடத்திலும் கூட்டுத்தொகை ஏறக்குறைய ஒன்றாக வந்தால் ஓடை வழியும் டெம்மும் சரி. அந்தத் தொகையே அந்தத் துண்டுக்கான வெள்ள உயரம். ஓரிடம் மட்டும் 3 மீட்டர் விலகினால் முதலில் தோப்போ கூரையோ இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து அந்தக் கட்டத்திலிருந்து தண்ணீர் எந்த ஓடைக்குப் போவதாகத் திசை ராஸ்டர் சொல்கிறது என்று பின்தொடருங்கள். இந்த இரண்டில் ஒன்றில்தான் பெரும்பாலும் காரணம் இருக்கும்.